கிண்டியில் ஒரு பழைய வேட்டைக்காரர்

மயிலாப்பூர் சித்திரைக்குளத்துக்கு அருகே ஒரு பழைய ஓட்டு வீட்டின் கூடத்தில் கடமான் தலை ஒன்று மாட்டியிருந்தது. பக்கத்துக்கு மூன்று முனையாகக் கொம்பு, கண்ணாடிக் கண், வார்னிஷ் உரிந்த மூக்கு. மைசூர் வான் இங்கன் நிறுவனத்தில் பாடம் செய்தது. அந்தக் காலத்தில் தென்னிந்தியாவில் யார் எதைச் சுட்டாலும், வசதி இருந்தால், தலையும் தோலும் அங்கேதான் போகும். வீட்டுப் பெண்களுக்கு அதன்மேல் மரியாதை ஒன்றும் கிடையாது. ஒட்டடை அடிக்கிற வேலை ஒன்று கூடிப்போயிற்று என்று அலுத்துக்கொள்வார்கள். ஆயுத பூஜை அன்று மட்டும் கொம்புக்குச் சந்தனப் பொட்டு கிடைக்கும். பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையை அதில் மாட்டுவார்கள். பெரியப்பா பார்த்துவிட்டால் முதுகில் ஒன்று விழும்.

பெரியப்பா மின்வாரியத்தில் ஓவர்சீயர். 1950களின் பிற்பகுதியில் குந்தா நீர்மின் திட்ட வேலைக்காக நீலகிரிக்குப் போனவர். கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா பணமும் இயந்திரமும் ஆளும் அனுப்பிய திட்டம் அது. அவலாஞ்சி, எமரால்டு பக்கம் அணை எழும்பிக்கொண்டிருந்தது. தகரக் கொட்டகையில் குடியிருப்பு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் குளிரையும் சீட்டுக்கட்டையும் விட்டால் வேறு பொழுதில்லை. துப்பாக்கி பிடிக்க அங்கேதான் கற்றுக்கொண்டார்.

நீலகிரியில் அப்போதும் கண்டபடி சுட்டுவிட முடியாது. வேட்டைக்காரர்களே 1877-ல் சங்கம் வைத்து, 1879-ல் மதராஸ் அரசாங்கத்தைக் கொண்டு சட்டமும் போடவைத்த மலை அது. உரிமம் வேண்டும், பருவம் பார்க்க வேண்டும், பெட்டைமேல் கை வைக்கக் கூடாது. வெள்ளைக்காரர்கள் தங்கள் விளையாட்டு தீர்ந்துபோகக் கூடாது என்றுதான் அந்தக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தார்கள். மலைவாசிகளின் வயிற்றுப்பாட்டைப் பற்றி அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆனாலும் கடமான் பிழைத்ததில் அந்தக் கட்டுப்பாட்டுக்கும் பங்கு உண்டு.

அணை வேலைக்கு வந்திருந்த கனடாக்காரர் ஒருவர்தான் பெரியப்பாவுக்கு முதல் வாத்தியார். ஊரில் அவர் எல்க் வேட்டைக்காரர். கடமானைவிடப் பெரிய மான் அது. செப்டம்பரில் இணை தேடும் பருவம் வந்தால் கிடா ஒன்று பெட்டைக் கூட்டத்தையே வளைத்துவைத்துக்கொண்டு மலை அதிரக் கூவுமாம். வேட்டைக்காரர்கள் குழல் வைத்து அதே மாதிரி கூவுவார்களாம். வந்து சண்டைக்கு நிற்கிற கிடாவை அடிப்பார்களாம். அந்த வித்தை கடமானிடம் பலிக்கவில்லை. கடமான் கிடா கும்பல் சேர்க்காது, பெரும்பாலும் தனியாகத் திரியும். இருட்டினால்தான் சோலையை விட்டுப் புல்வெளிக்கு வரும். குரல் கொடுப்பதும் பெரும்பாலும் பயத்தில்தான். பழைய லாரி ஹாரன் மாதிரி ஒற்றைச் சத்தம் கேட்டால் புலியோ சிறுத்தையோ செந்நாயோ பக்கத்தில் இருக்கிறது, அல்லது நீங்கள் இருப்பது அதற்குத் தெரிந்துவிட்டது என்று பொருள். எல்க்குக்கும் கடமானுக்கும் பொதுவாக இருந்தவை சேற்றில் புரளும் பழக்கமும், எல்லாவற்றையும்விட, மூக்கும்.

"காத்துதான்டா எல்லாம்" என்பார் பெரியப்பா. மலையில் வெயில் ஏறினால் காற்றும் சரிவில் மேலே ஏறும். பொழுது சாய்ந்து குளிர்ந்தால் கீழே இறங்கும். ஆகவே காலையில் நேரம் கழித்துப் போகிறவன் மானுக்கு மேலே நிற்க வேண்டும், சாயங்காலம் போகிறவன் கீழே. கனடாக்காரர் இதற்காகப் புட்டியில் மாவு வைத்திருந்தாராம். பெரியப்பா விபூதிப் பையை வைத்துக்கொண்டார். இரண்டு விரலால் துளி எடுத்து மார்பளவு உயரத்தில் உதிர்ப்பார். அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் மான் இருக்கக் கூடாது. மிச்ச விபூதி நெற்றிக்கு.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கையில் இருக்கும் தலை, தோல், கொம்பை எல்லாம் வனத்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. பெரியப்பாவும் படிவம் நிரப்பி அனுப்பினார். சில வகை மிருகங்களைச் சுட உரிமத்தின் பேரில் ஒரு சந்து திறந்தே இருந்தது. 1991 திருத்தம்தான் அதையும் மூடியது. ஆனால் பெரியப்பா அதுவரை காத்திருக்கவில்லை. ஓய்வு பெற்று மயிலாப்பூர் வந்ததும் துப்பாக்கியை விற்றுவிட்டார். வீட்டுக்குள் அது பெரிய செய்தியாகவில்லை. பெரியம்மா மட்டும் அன்றைக்குப் பாயசம் வைத்ததாகச் சொல்வார்கள்.

வேட்டையாட ஆளில்லாமல் போன வித்தையை அவர் தம்பி மகனிடம் இறக்கினார். பையனுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். அவனுடைய தாய்மாமா ஐஐடியில் அலுவலக வேலை பார்த்தார், வளாகத்துக்குள்ளேயே குவார்ட்டர்ஸ். 1959-ல் கிண்டிக் காட்டின் ஒரு பாகத்தை வெட்டிக் கொடுத்து எழுந்த நிறுவனம் அது. கட்டடம் வந்த பிறகும் மான்கள் காலி செய்யவில்லை. மாமா வீட்டுத் துளசியை வேலி கட்டித்தான் வளர்க்க முடியும். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் மயிலாப்பூரிலிருந்து பஸ் ஏறி இருவரும் அங்கே வந்துவிடுவார்கள். மாமி காபி போட்டு வைத்திருப்பாள். பெரியப்பா குடிக்க மாட்டார். காபி வாசனை காத தூரம் போகும் என்பது அவர் கட்சி. "மான் என்ன, நம்ம தெரு டீக்கடைக்கே மணக்கும்" என்பாள் மாமி.

முதல் பாடம், மானைத் தேடாதே என்பது. பையன் முழு மானைத் தேடிக்கொண்டிருந்தான், படத்தில் பார்த்த மாதிரி நாலு காலும் கொம்புமாக. "காட்டுல எல்லாம் நட்டுக்கிட்டு நிக்குதுடா. மரம், செடி, புல்லு, எல்லாம் நெட்டுக்குத்தா இருக்கு. படுத்த மாதிரி ஒரு கோடு தெரியுதா பாரு. அதுதான் முதுகு." கொஞ்சிப் புதர்களுக்கு நடுவே அப்படி ஒரு கோட்டைப் பையன் கண்டுபிடித்ததும், அதன் முனையில் ஒரு காது திரும்பியது, அப்புறம் வரிசையாக இன்னும் ஆறேழு காதுகள். புள்ளிமான் கூட்டம் ஒன்று அத்தனை நேரமும் இவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

காற்றுப் பாடம் கிண்டியில் மாறிப்போனதைப் பெரியப்பாவே கண்டுபிடித்தார். இங்கே மலையில்லை, ஏற இறங்கச் சரிவில்லை. ஆனால் கடல் இருக்கிறது. கோடையில் காலை வேளை மேற்கிலிருந்து தரைக்காற்று லேசாக வரும். ஏறக்குறைய உச்சிப்பொழுதில் கிழக்கிலிருந்து கடல்காற்று திரும்பும். அதாவது காலையில் மானுக்குக் கிழக்கே நின்றவன், அடையாறில் தென்னங்கீற்று மறுபக்கம் சாய ஆரம்பித்ததும் மேற்கே போய்விட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று அடிக்கும்போது கணக்கு வேறு. விபூதிப் பை மறுபடியும் வெளியே வந்தது. வளாகத்து டெல்லி அவென்யூவில் நடுத்தெருவில் நின்று விபூதி உதிர்க்கிற பெரியவரைப் பார்த்து சைக்கிளில் போகிற மாணவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனதாக ஒரு கதை குடும்பத்தில் உண்டு. கொஞ்சம் ஜோடனையாக இருக்கலாம்.

ஆனால் ஐஐடி மானுக்கு மனித வாசனை பழகிவிட்டதே, காற்று பார்த்து என்ன ஆகப்போகிறது? பையன் கேட்டான். சரியான கேள்வி. வளாகத்தில் பத்தடி தூரத்தில் சைக்கிள் போனாலும் புள்ளிமான் தலை நிமிராது. சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றிப் பாருங்கள், அசைபோடுகிற வாய் அப்படியே நிற்கும். நடந்து போகிறவன் அதற்கு ஆபத்தில்லை, நின்று முறைக்கிறவன்தான் ஆபத்து. கொன்று தின்கிற எந்தப் பிராணியும் பாய்வதற்கு முன்னால் நின்று பார்க்கத்தானே செய்யும். பெரியப்பா இதற்கு ஒரு நடையே வைத்திருந்தார். மானை நேராகப் பார்க்காமல், அதை நோக்கியும் போகாமல், சாய்வாக எங்கோ போகிறவர் மாதிரி போவார். நிற்க வேண்டுமானால் மரத்தை ஒட்டி நிற்பார், கையை ஆட்ட மாட்டார்.

வாய் நிற்பது முதல் கட்டம். பிறகு இரண்டு காதும் ஒரே திசையில் விறைக்கும். முன்னங்கால் ஒன்று தூக்கித் தரையில் தட்டும். வால் நிமிர்ந்து அடியிலுள்ள வெள்ளை தெரியும். கடைசியாகத்தான் அந்தக் கூர்மையான குரல், நாய்க்குட்டி கத்தியதோ என்று நினைக்க வைக்கிற குரல். அதற்குப் பிறகு அங்கே நின்று பயனில்லை. இந்த வரிசையைப் பையன் மனப்பாடம் செய்துவிட்டான். வாய் நின்றவுடன் தானும் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தால், மூன்றாம் கட்டம் வராமலே மான் மறுபடி மேயத் தொடங்கும். சில சமயம் அது தலையைக் குனிந்து மேய்வதாகப் பாசாங்கு செய்து, வெடுக்கென்று நிமிர்ந்து பார்க்கும். அந்த இரண்டாவது பார்வைக்கும் அசையாமல் இருப்பவனைத்தான் பெரியப்பா தேறினவன் என்று ஒப்புக்கொள்வார்.

வெளிமான் விஷயம் வேறு. அது மான் என்று பெயர் வாங்கிய ஜாதியே தவிர, ஆட்டுக்கும் மாட்டுக்கும் கிட்டிய உறவு. முறுக்கிய கொம்பு கிடாவுக்கு. ஒருமுறை வளர்ந்தால் வளர்ந்ததுதான், புள்ளிமான் மாதிரி ஆண்டுதோறும் விழுந்து முளைக்காது. ஒளிந்துகொள்வதில் அதற்கு நம்பிக்கையில்லை. திறந்த வெளியில், குட்டைப் புல்லில், நாலாபக்கமும் தெரிகிற இடத்தில் நின்றுகொண்டு கண்ணையும் காலையும் நம்பிப் பிழைக்கிற மிருகம். மலையில் கற்ற மரத்து மறைவு, புதர் மறைவு எதுவும் இங்கே எடுபடவில்லை. பெரியப்பா அதன் சாணத்தைப் பிடித்தார். கிடா ஒவ்வொன்றும் தன் எல்லைக்குள் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் புழுக்கை போட்டுக் குவித்துவைக்கும். கண்ணோரச் சுரப்பியைக் குச்சியிலும் புல்லிலும் தேய்த்து அடையாளம் வைக்கும். குவியலில் ஈரம் இருந்தால் சொந்தக்காரன் வெகுதூரம் போகவில்லை. தள்ளி உட்கார்ந்து காத்திருந்தால் அவனே வருவான், மூக்கைத் தூக்கி, காதைத் தொங்கவிட்டு, ஜமீன்தார் தோரணையில்.

இதெல்லாம் துப்பாக்கிக் காலத்துப் பாடங்கள். அவற்றின் எல்லை எங்கே என்பது கிண்டியில்தான் பெரியப்பாவுக்கே தெரிந்தது. வேட்டைக்காரனின் படிப்பு குதிரையை அழுத்துகிற கணத்தில் முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் அந்த மான் என்ன செய்திருக்கும் என்று அவனுக்குத் தெரிய வழியே இல்லை. பல வருஷம் கடமான் பின்னால் அலைந்தவருக்கு, ஒரு மான் காலையிலிருந்து மத்தியானம் வரை என்ன செய்கிறது என்பது தெரியாது. இதை அவர் ஒரு நாள் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஆகவே அறுபது வயதுக்கு மேல் அவரும் பையனோடு சேர்ந்து புதிதாகப் படித்தார். புள்ளிமான் கிடா பின்னங்காலில் எழுந்து நின்று மேல்கிளையில் கொம்பைத் தேய்ப்பதைப் பார்த்துவிட்டு, "சர்க்கஸ்ல கூடப் பார்த்ததில்லடா" என்றார். ஆலமரத்தில் குரங்குகள் தின்று உதிர்க்கிற பழத்துக்காகக் கீழே மான்கள் கூடுவதையும், மேலே குரங்கு கத்தினால் கீழே எல்லாத் தலையும் நிமிர்வதையும் பார்த்தார்கள். குட்டி ஈன்ற தாய், குட்டியைப் புதரில் படுக்கவைத்துவிட்டுத் தள்ளிப் போய் மேயும். குட்டி கிட்டத்தட்ட மணமே இல்லாமல் அசையாமல் கிடக்கும். கிண்டியில் நரி உண்டு, ஆகவே இந்த ஜாக்கிரதை வீணில்லை. தாயைக் காணோம் என்று பரிதாபப்பட்டு அந்தக் குட்டியைத் தூக்கி வருகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அது கருணை இல்லை, கடத்தல் என்பார் பெரியப்பா.

இதே மயிலாப்பூரில், எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், இதையெல்லாம் பல வருஷம் முன்பே செய்துகொண்டிருந்த ஒருவர் இருந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-ல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996-ல் இறக்கும் வரை எழுதியவர். பழைய பாகங்களைக் கோத்துத் தானே ஒட்டுப்போட்ட கேமராவுக்கு 'சூப்பர் பாண்டெரோசா' என்று பெயர் வைத்து, யானையையும் மானையும் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். பெரியப்பா அவருடைய படங்களைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு, தொழில்காரன் தொழில்காரனை எடைபோடுகிற தினுசில் ஒரு கணக்குச் சொல்வார்: "துப்பாக்கிக்கு நூறு கஜம் போதும். இந்தப் படத்துக்கு அவர் எவ்வளவு கிட்டப் போயிருக்கணும் பாரு. போனது பெரிசில்ல. அது முழிச்சுக்காம திரும்பி வந்திருக்காரு."

திரும்பி வருவது அதுமுதல் பாடத்தில் சேர்ந்துகொண்டது. பார்த்து முடிந்ததும் எழுந்து பேண்ட்டைத் தட்டிக்கொண்டு பேசிக்கொண்டே நடக்கக் கூடாது. வந்த வழியே, வந்த வேகத்தில், கூட்டம் படுத்தபடி அசைபோட்டுக்கொண்டிருக்க நழுவ வேண்டும். மான் ஓடினால் அன்றைய கணக்கில் பையனுக்குப் பூஜ்யம், எத்தனை மான் பார்த்திருந்தாலும் சரி.

பையன் வளர்ந்து தி.நகரில் ஒரு வங்கியில் வேலைக்குச் சேர்ந்தான். பெரியப்பா போய்விட்டார். கிண்டியும் மாறியது. 1910-ல் காப்புக்காடாக அறிவித்தபோது சுமார் 500 ஹெக்டேர் இருந்தது. கல்வி நிறுவனங்கள், நினைவிடங்கள் என்று கொடுத்துக் கொடுத்து, 1978-ல் தேசியப் பூங்கா ஆனபோது மிஞ்சியது ஏறத்தாழ 270 ஹெக்டேர். நாட்டின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. சுற்றிலும் மதில் வந்தது. மதில் கட்டியது நல்லதுதான், ஆக்கிரமிப்பு நின்றது. ஆனால் உள்ளே மாடு நுழையாமல், விறகு வெட்டாமல், புதர் அடர்ந்து புல்வெளி சுருங்கியது. புள்ளிமானுக்குப் புதரோரம் பிடிக்கும். வெளிமானுக்கு வெளி வேண்டும். ஆளுநர் மாளிகைப் பக்கத்துப் போலோ மைதானம் போன்ற திறந்த இடங்கள்தான் அதற்குக் கதி. சட்டத்தின் முதல் பட்டியலில் இடம்பெற்று உச்சப் பாதுகாப்பில் இருக்கிற மிருகத்துக்குப் புல் வெட்டிக்கொடுக்க ஆள் வேண்டியிருக்கிறது.

இன்னொன்று நாய். மனிதனைக் கண்டு வாயை மட்டும் நிறுத்துகிற ஐஐடி மான், தெருநாய் இரண்டு சேர்ந்து வருவதைப் பார்த்தால் எல்லாக் கட்டத்தையும் தாண்டி நேரே ஓட்டம்தான். வளாகத்தில் நாய் கடித்து மான் செத்த சம்பவங்கள் பலமுறை செய்தியாகி, நாய்ப் பிரியர்களுக்கும் மான் பிரியர்களுக்கும் நீதிமன்றம் வரை வழக்கு நடந்தது. செத்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததும் செய்தியானது. தீனி போட்டுக் கூப்பிட்டுப் பழக்கியவர்களின் கைங்கரியமும் அதில் உண்டு.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்று இப்போது அடையாறில் இருக்கிறார் அந்தத் தம்பி மகன். 1978-ல் தொடங்கிய மதராஸ் இயற்கையாளர் சங்கத்துக்காரர்கள் சிலரைத் தெரியும்; வெளிமானின் ஆங்கிலப் பெயரைத் தாங்கிய 'பிளாக்பக்' என்ற இதழை நடத்துகிறவர்கள் அவர்கள். அனுமதி கிடைக்கும்போது உறவுக்காரப் பிள்ளைகளையும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் கிண்டிக்கு அழைத்துப் போகிறார். செண்ட் போட்டு வந்தவனைக் கடைசியில் நிறுத்துவார். போனை மார்புக்குக் கீழே வைத்துக்கொண்டு எடு, முகத்துக்கு நேரே தூக்காதே என்பார்; தூக்கிய இரண்டு கை மானுக்குப் பிடிக்காது. விபூதிக்குப் பதில் அவர் கையில் டால்கம் பவுடர் டப்பா.

பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: எந்த மாசம் வந்தால் பெரிய கொம்போடு பார்க்கலாம்? கிண்டிப் புள்ளிமானிடம் அப்படிக் கறாரான மாசக் கணக்கு கிடையாது என்று அவர் விளக்குவார். ஒரே கூட்டத்தில் ஒரு கிடாவுக்குக் கொம்பு முற்றியிருக்கும், ஒன்றுக்குத் தோல் போர்த்து வளர்ந்துகொண்டிருக்கும், ஒன்று உதிர்த்துவிட்டு மொட்டைத் தலையோடு பெட்டை மாதிரி நிற்கும். போன தடவை ஒரு பையன் உதிர்ந்த கொம்பு ஒன்றைக் கண்டெடுத்து டி-ஷர்ட்டுக்குள் செருகிக்கொண்டான். அவர் அதைத் திரும்பப் போடச் சொன்னார். உதிர்ந்ததானாலும் அது அரசாங்கச் சொத்து, வீட்டில் வைத்தால் வழக்கு. பையன் முகம் தொங்கியதும் கொம்பைத் திருப்பிக் காட்டினார்: ஓரத்தில் பல் பட்ட தடம். சுண்ணாம்புச் சத்துக்காக மான்களே இதைக் கடிக்கும் என்றார். பையன் நம்பவில்லை. கொம்பைப் புல்லில் போட்டுவிட்டு, அது கடிக்கிறதைப் பார்க்காமல் வரமாட்டேன் என்று அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். கூட வந்தவர்கள் கேண்டீனுக்குப் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தார்கள்.